தங்கைக்கு ஒரு கல்லூரிப் பட்டியல்

மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன், கோட்டுச்சேரி



வீட்டில் டிப்ளமா படிக்கிறவன் ஒருவன் இருந்தால் போதும், சொந்தபந்தம் அத்தனைக்கும் அவன்தான் கல்வி அதிகாரி. ஃபேன் ஓடாவிட்டால் கூப்பிடுவார்கள். மோட்டார் தண்ணீர் எடுக்காவிட்டால் கூப்பிடுவார்கள். மே மாதம் வந்துவிட்டால், "தம்பி, நம்ம பாப்பாவுக்கு எந்த காலேஜ் போடலாம்? நீதான் படிச்ச புள்ள, சொல்லு" என்று கூப்பிடுவார்கள். முதல் இரண்டையும் ஸ்க்ரூ டிரைவரை வைத்துச் சமாளித்துவிடலாம். மூன்றாவதுக்கு நம்மில் பலபேர் வாய்க்கு வந்த நாலு கல்லூரிப் பெயரைச் சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டு வந்துவிடுகிறோம். அந்த நாலு பெயரை நம்பி ஒரு குடும்பம் நகையை அடகு வைக்கிறது என்பது நமக்குத் தெரிவதில்லை.

எனக்கு இந்த விஷயத்தில் சொந்த அனுபவம் உண்டு. நான் பிளஸ் டூ முடித்து நேரடி இரண்டாமாண்டில் டிப்ளமா சேர்ந்தவன். அதற்கு முன் பி.டெக். கேட்டு விண்ணப்பித்தபோது மூன்றே மூன்று விருப்பம் எழுதினேன். மூன்றும் கம்ப்யூட்டர், மூன்றும் பெயர்பெற்ற இடம். "நிறைய எழுதினா மார்க் கம்மின்னு நினைச்சுக்குவாங்க" என்று ஒருவன் சொன்னான், அதையும் நம்பினேன். நினைத்துக்கொள்ள அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? என் தரவரிசை எண் என்ன, முந்தின வருஷம் அந்தப் படிப்புகள் எந்த எண்ணோடு மூடின என்று நான் பார்க்கவே இல்லை. எல்லாச் சுற்றும் முடிந்தபோது கையில் ஒன்றும் இல்லை. டிப்ளமா சேர்ந்ததில் எனக்கு வருத்தம் கிடையாது, லேத் முன்னால் நிற்பது பிடித்துத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு வருஷம் போனது உறுத்துகிறது.

ஆகவே இந்தப் பொங்கல் லீவில் கோட்டுச்சேரிமேட்டுச் சித்தப்பா கூப்பிட்டபோது வாயால் பதில் சொல்லாமல் நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போனேன். அங்கே கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் தம்பி தங்கைக்கும் உதவலாம்.

சித்தப்பா படகில் பங்குக்குப் போகிறவர். மூத்தவள் பிளஸ் டூ, கணக்குப் பிரிவு. இளையவன் பத்தாவது. நான் போவதற்கு முன்பே தங்கை ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தாள். பதினோரு பெயர். அதில் நாலு, டவுன் பஸ் முதுகில் விளம்பரம் ஒட்டிய கல்லூரிகள். மூன்று டி.வி.யில் வருகிறவை. ஒன்று தோழியின் அக்கா படிக்கிற இடம். ஐ.ஐ.டி. சென்னை இருந்தது, கிண்டி பொறியியல் கல்லூரி இருந்தது. கடைசியில் 'ஏதாவது ஆர்ட்ஸ் காலேஜ்' என்று ஒரு வரி.

அந்தத் தாளில் இருந்ததைவிட இல்லாததுதான் என் கண்ணில் முதலில் பட்டது. திருவேட்டக்குடி என்.ஐ.டி. அதில் இல்லை. நம் கோட்டுச்சேரி கொம்யூனுக்குள்ளேயே இருக்கிற தேசியத் தொழில்நுட்பக் கழகம், 2010-இல் தொடங்கியது. சைக்கிளில் போகிற தூரம். ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

"அது நமக்கெல்லாம் இல்லண்ணே. அங்க வடக்கத்திப் பசங்கதான் படிக்கிறாங்க" என்றாள்.

நண்பர்களே, வரிச்சிக்குடிக்குப் பஸ் ஏறுகிற நாமும் இதைத்தானே நினைத்துக்கொண்டிருந்தோம்? உண்மை என்ன? என்.ஐ.டி. இடங்களில் பாதி அந்தந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு. புதுச்சேரி என்.ஐ.டி.யில் அந்தப் பாதி நம் யூனியன் பிரதேசத்துப் பிள்ளைகளுக்கு. மற்ற பாதிக்குத்தான் நாடு முழுவதும் போட்டி. கலந்தாய்வு நடத்துகிற 'ஜோசா' அமைப்பு ஒவ்வொரு வருஷமும் எந்தப் படிப்பு எந்த தரவரிசையில் திறந்தது, எதில் மூடியது என்று இணையத்தில் போடுகிறது. பழைய வருஷக் கணக்கும் அங்கேயே இருக்கிறது. அதில் உள்மாநிலம், வெளிமாநிலம் என்று தனித்தனி வரி வரும். நம் ஆட்கள் வெளிமாநில வரியைப் பார்த்துப் பயந்து மூடிவிடுகிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு 2018 முதல் கூடுதலாக ஏற்படுத்திய இடங்களுக்கும் வேறு வரி. இதர பிற்பட்டோர், பட்டியல் இனத்தார் ஆகியோருக்கும் அப்படியே. தங்கைக்குரிய வரி எது என்று கண்டுபிடிக்கவே எங்களுக்கு அரைமணி நேரம் ஆயிற்று. கண்டுபிடித்த பிறகு அவள் முகத்தைப் பார்க்கணுமே!

இங்கிருந்துதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. கல்லூரிப் பெயரில் பட்டியலைத் தொடங்கக் கூடாது. எந்த வாசலில் நாம் உள்ளூர்க்காரர், எந்த வாசலில் அயலூர்க்காரர் என்பதில் தொடங்க வேண்டும். காரைக்கால்காரர்களுக்கு இது மற்ற ஊர்க்காரர்களைவிடக் கொஞ்சம் சிக்கல். பேச்சு ஒன்று, சாப்பாடு ஒன்று, பெண் கொடுப்பது எடுப்பது எல்லாம் பொறையாறு, மயிலாடுதுறை, நாகப்பட்டினத்தோடுதான். ஆனால் நண்டலாற்றுப் பாலம் தாண்டினால் கல்லூரி விஷயத்தில் நாம் வேறு ஆள்.

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வை எடுத்துக்கொள்ளுங்கள். அது தமிழ்நாட்டைப் பூர்விகமாகக் கொண்டவர்களுக்கானது, நேட்டிவிட்டி பார்ப்பார்கள். எட்டாவது முதல் பன்னிரண்டாவது வரை தமிழ்நாட்டில் படித்த வெளிமாநிலப் பிள்ளைகளுக்குப் பொதுப்பிரிவில் ஒரு வழி உண்டு. தங்கை படித்தது முழுக்கக் காரைக்காலில். ஆகவே அந்த வாசல் வழியாகக் கிண்டிக்குப் போக முடியாது. மார்க்கு எவ்வளவு எடுத்தாலும் முடியாது. இதைச் சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "டி.வி.யில அரசுப் பள்ளிக்கு 7.5 சதவீதம்னு சொல்றாங்களே, நான் அரசுப் பள்ளிதானே?" என்று கேட்டாள். அரசுப் பள்ளிதான், ஆனால் அது தமிழ்நாடு அரசு தன் பள்ளிகளுக்கு 2020-இல் மருத்துவத்துக்கும் 2021-இல் பொறியியல் போன்ற படிப்புகளுக்கும் கொண்டுவந்த சட்டம். நம் புதுச்சேரியில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 10 சதவீத உள் ஒதுக்கீடு 2023-இல் வந்தது, அது மருத்துவப் படிப்புகளுக்கு. சென்னைச் சேனலைப் பார்த்துவிட்டு நம் பிள்ளைகள் நம்முடையது அல்லாத சலுகைகளை எண்ணி வைத்திருக்கின்றன, நமக்குள்ள சலுகை தெரிவதில்லை.

நமக்குள்ளது எது? முதலாவது சென்டாக். புதுச்சேரி அரசின் மையச் சேர்க்கைக் குழு. குடியிருப்புச் சான்று இருந்தால் அங்கே நாம் உள்ளூர்க்காரர். பல தொழிற்படிப்புகளில் இடங்களை வட்டாரவாரியாகவும் பிரிக்கிறார்கள்: புதுச்சேரிக்கு 75, காரைக்காலுக்கு 18, மாகிக்கு 4, ஏனாமுக்கு 3 என்று நூற்றுக்கணக்கு. எந்தப் படிப்புக்கு இது உண்டு என்பதை அந்தந்த வருஷத் தகவல் ஏட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு வாசலிலேயே நெடுங்காட்டுப் பெருந்தலைவர் காமராசர் பொறியியல் தொழில்நுட்பக் கல்லூரி வரும். 2020-இல் பல்கலைக்கழகமான பழைய புதுவைப் பொறியியற் கல்லூரி, அதாவது புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வரும். செருமாவிலங்கை வேளாண் கல்லூரி வரும். தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் வரும். இன்னொரு வாசல் ஜோசா, அதைச் சொல்லிவிட்டேன்.

மூன்றாவதைப் பற்றி நம் பக்கம் யாரும் பேசுவதில்லை. திருவாரூர் நீலக்குடியில் 2009-இல் வந்த தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம். பெயரில்தான் தமிழ்நாடு, நடத்துவது மத்திய அரசு. அங்கே நேட்டிவிட்டி கேட்பதில்லை. 2022 முதல் 'க்யூட்' என்ற பொது நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை வைத்துச் சேர்க்கிறார்கள். பிளஸ் டூ முடித்தவர்கள் கணிதம், இயற்பியல், வேதியியலில் எம்.எஸ்ஸி. வரை ஒரே மூச்சில் ஐந்து வருஷம் படிக்கலாம். நண்டலாற்றுக்கு அந்தப் பக்கம் நாம் அயலார் ஆகாத வாசல் அது.

உயிரியல் பிரிவுப் பிள்ளைகளுக்கு நீட், 2016-இல் காரைக்காலில் மருத்துவ வகுப்பு தொடங்கிய ஜிப்மர் என்று வேறு கணக்கு. அது தெரிந்தவர்கள் எழுதட்டும்.

இந்த இடத்தில் பத்தாவது படிக்கிற தம்பியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவனைப் பிளஸ் ஒன்னுக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் சேர்க்கலாமா என்று சித்தப்பாவுக்கு யோசனை. என்.ஐ.டி. கணக்கில் 'உள்மாநிலம்' என்பது நாம் குடியிருக்கிற ஊரை வைத்து அல்ல, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எந்த மாநிலத்தில் எழுதித் தேறினோம் என்பதை வைத்து. அவன் கும்பகோணத்தில் பிளஸ் டூ எழுதினால் திருச்சி என்.ஐ.டி.யில் உள்மாநிலத்தான் ஆவான், திருவேட்டக்குடியில் வெளிமாநிலத்தான் ஆகிவிடுவான். தன் வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியில்! அதே சமயம் இரண்டு வருஷம் மட்டும் அங்கே படித்ததால் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்குள்ளும் போக முடியாது. இப்படி இரண்டு கரைக்கும் இல்லாமல் போன பிள்ளைகள் நம் ஊரில் இருக்கிறார்கள். காரணம் தெரியாமல் 'நம்ம ராசி' என்று சொல்லிக்கொண்டு இருக்கிறார்கள். சேர்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு சேருங்கள் என்கிறேன். பட்டியல் பத்தாவதிலேயே ஆரம்பமாகிவிடுகிறது. அதனால்தான் மே மாதம் கேட்பது தாமதம் என்கிறேன். ஜே.இ.இ. மெயின் ஜனவரியிலும் ஏப்ரலிலும் நடக்கிறது, க்யூட் விண்ணப்பமும் முன்னாடியே முடிந்துவிடும். மே மாதத்தில் வந்து கேட்கிற அத்தைக்கு மிச்சமிருப்பது பாதி வாசல்தான்.

சரி, வாசல் தெரிந்தது. எந்த வரி நமக்குக் கிடைக்கும், எது கிடைக்காது என்று எப்படிச் சொல்வது?

இங்கே நம் ஒர்க்‌ஷாப் அறிவு உதவும். ஒரு ஷாஃப்டைச் சோதிக்க 'கோ', 'நோ கோ' என்று லிமிட் கேஜ் வைத்திருக்கிறோம். 'கோ' உள்ளே போகணும், 'நோ கோ' போகக் கூடாது. கல்லூரிக்கு நமக்குக் கிடைக்கிற கேஜ் முந்தின வருஷங்களின் கடைசித் தரவரிசை எண். ஒரே வருஷத்தை நம்பாமல் மூன்று வருஷம் பாருங்கள். நம் பிரிவுக்குரிய வரியைப் பாருங்கள். முதல் சுற்றில் மூடிய எண்ணைப் பார்த்து மனசு விடாமல் கடைசிச் சுற்றுவரை போய்ப் பாருங்கள்.

மார்க்கை ஒப்பிடாதீர்கள், தரவரிசையை ஒப்பிடுங்கள். காரணம் சொல்கிறேன். 2021-இல் கொரோனாவால் பிளஸ் டூ பொதுத்தேர்வே நடக்கவில்லை, வேறு கணக்கில் மதிப்பெண் போட்டார்கள். அந்த வருஷ கட்-ஆஃபைப் பார்த்தால் தலை சுற்றும். நம் அரசுப் பள்ளிகளோ தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலிருந்து சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. அன்றைக்கு அண்ணன் எடுத்த மார்க்கும் இன்றைக்குத் தங்கை எடுக்கிற மார்க்கும் ஒரே தராசில் நிற்காது. ஆயிரமாவது ஆள் என்றால் எந்த வருஷமும் ஆயிரமாவது ஆள்தான்.

தங்கைக்கு அப்போது ரேங்க் எதுவும் வரவில்லை. அரையாண்டுத் தேர்வு மார்க்கும் ஜே.இ.இ. மாதிரித் தேர்வுகளும்தான் கையில் இருந்தன. ஆகவே நன்றாக எழுதினால், இதே மாதிரி எழுதினால், சொதப்பினால் என்று மூன்று நிலையை வைத்துப் பென்சிலில் பட்டியல் போட்டோம். ஐ.ஐ.டி. மூன்று நிலையிலும் 'நோ கோ'. அவளே அடித்தாள். திருவேட்டக்குடியில் கம்ப்யூட்டர் நன்றாக எழுதினால் மட்டும் எட்டும். வேறு சில பிரிவுகள் இதே மாதிரி எழுதினாலே எட்டுகிற தூரம். சென்டாக்கில் ஐந்தாறு வரி நடுவில் வந்தது. சொதப்பினாலும் கிடைக்கும் என்று சொல்ல முதலில் ஒரு வரிகூட இல்லை! பஸ் முதுகு விளம்பரக் கல்லூரிகள் கிடைக்கும்தான், ஆனால் அவற்றுக்குக் கட்டச் சித்தப்பாவிடம் பணம் இல்லையே.

கிடைப்பதும் கட்ட முடிவதும் சேர்ந்தால்தான் ஒரு வரி நிஜம். அதனால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நாலு வருஷச் செலவை எழுதினோம். கட்டணத்தோடு ஹாஸ்டல், மெஸ், பஸ், லீவுக்கு வந்து போகிற செலவு எல்லாம் சேர்த்து. இங்கே எங்களுக்கு இரண்டாவது ஆச்சரியம். என்.ஐ.டி. கட்டணம் 2016-இல் வருஷத்துக்கு 1.25 இலட்சம் ஆனது என்று கேட்டதும் சித்தி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். ஆனால் அதே ஏற்பாட்டில் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1 இலட்சத்துக்குக் கீழே என்றால் கல்விக் கட்டணம் முழுத் தள்ளுபடி. 1 முதல் 5 இலட்சம் வரை என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு முழுத் தள்ளுபடி. விளம்பரத்தில் மலிவாகத் தெரிந்த ஒரு தனியார் கல்லூரியைவிட இது குறைவாக முடிந்தது. கல்விக் கடனில் 4 இலட்சம் வரை வங்கி சொத்து ஈடு கேட்கக் கூடாது என்பதையும் சித்தப்பாவுக்குச் சொன்னேன். "மேனேஜருக்குத் தெரியுமா அது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

பணம் என்றதும்தான் மறைத்து வைத்திருந்த ஒன்றை அவர் வெளியே எடுத்தார். டிசம்பரிலேயே ஒருவர் வீடு தேடி வந்திருக்கிறார். மேற்கே ஒரு நகரத்திலுள்ள கல்லூரியின் ஆள் என்று சொல்லிக்கொண்டு, "இப்பவே சீட்டு பிளாக் பண்ணிடுங்க, அப்புறம் டொனேஷன் ஏறிடும்" என்று 10,000 ரூபாய் வாங்கிப் போயிருக்கிறார். ரசீது கிடையாது. பிளஸ் டூ பரீட்சையே எழுதாத பெண்ணுக்கு எந்தச் சீட்டை பிளாக் செய்வது? முறையாகச் சேர்ந்து ரசீது வாங்கியிருந்தால், வகுப்பு தொடங்குமுன் குறித்த தேதிக்குள் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது, ஒரிஜினல் சான்றிதழை வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஏ.ஐ.சி.டி.இ. விதி இருக்கிறது. ரசீது இல்லாத பணத்துக்கு எந்த விதி? நான் அந்த நம்பருக்கு நாலு தடவை போன் பண்ணினேன். முதல் தடவை எடுத்தார், அப்புறம் எடுக்கவில்லை. பத்து நாள் கடலுக்குப் போன காசு. நம் வீடுகளுக்கு இந்த மாதிரி ஆட்கள் வரும்போது டிப்ளமா படிக்கிற நாம் அங்கே இருக்கணும். அதைவிட வேறென்ன உபகாரம் நாம் செய்ய முடியும்?

இனி வரிசை. இதில்தான் நான் பிளஸ் டூவில் கோட்டை விட்டேன். இரண்டு மூடநம்பிக்கை நம்மிடம் உண்டு. ஒன்று, கிடைக்காததை முதலில் எழுதினால் கிடைக்கிறது கைவிட்டுப் போகும் என்பது. மற்றொன்று நான் சொன்னது, நிறைய எழுதினால் மதிப்புக் குறையும் என்பது. இரண்டும் தப்பு. இந்தக் கலந்தாய்வுகளில் கம்ப்யூட்டர் தரவரிசைப்படி வருகிறது. உங்கள் முறை வரும்போது முதல் விருப்பத்தில் இடம் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் இரண்டாவது, அதுவும் இல்லையென்றால் மூன்றாவது. உங்களுக்குப் பின்னால் நிற்கிற ஆள் அதே கல்லூரியை முதல் விருப்பமாக எழுதியிருந்தாலும், அதை ஏழாவதாக எழுதிய உங்களைத் தாண்டி அவருக்குப் போகாது. ஆகவே மேலே ஆசைப்பட்டதை எழுதுவதில் நஷ்டமே இல்லை, கீழே நிறைய எழுதுவதிலும் நஷ்டமில்லை. 1962-இல் கேல், ஷேப்லி என்ற இரண்டு கணித அறிஞர்கள் கல்லூரிச் சேர்க்கையைப் பற்றியே ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதி இந்த மாதிரி முறைக்கு அடித்தளம் போட்டார்கள். ஷேப்லிக்கு 2012-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. நோபல் பரிசு வாங்கின சமாச்சாரத்தை விட்டுவிட்டு நான் டீக்கடை நண்பன் பேச்சைக் கேட்டிருக்கிறேன்!

நஷ்டம் எங்கே வருமென்றால், மனசுக்குப் பிடிக்காததை 'கௌரவத்துக்கு' மேலே எழுதி, அது கிடைத்துவிட்டால்தான். மேலேயுள்ளது கிடைத்ததும் கீழேயுள்ள ஆசை போய்விடும். எனவே எந்த இரண்டு வரியை எடுத்தாலும், இரண்டும் கிடைத்தால் எதற்குப் போவாய் என்று கேட்டு, அதை மேலே வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

அப்படித்தான் தங்கையை இரண்டிரண்டாகக் கேட்டுக்கொண்டு வந்தேன். நெடுங்காட்டில் மெக்கானிக்கலா, புதுச்சேரியில் சிவிலா? திருவேட்டக்குடியில் எலெக்ட்ரிக்கலா, புதுச்சேரியில் கம்ப்யூட்டரா? பதில் சொல்லிக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில் நிறுத்திவிட்டாள். "அண்ணே, திருவாரூர் கணக்கை எங்கயுமே கேக்க மாட்டேங்கிறீங்களே" என்றாள்.

நான் கேட்கவில்லைதான். தாளைத் திருப்பிப் பார்த்தேன். மேலே இருந்த எட்டு வரியில் ஐந்து கம்ப்யூட்டர். அவள் கையெழுத்துத்தான், ஆனால் பட்டியல் என்னுடையது. நான் மூன்று விருப்பம் எழுதித் தோற்றேனே, அதையே இவளை வைத்துத் திரும்ப எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். அவளுக்குப் பத்தாவதிலிருந்தே கணக்கு டீச்சர் ஆகணும் என்று ஆசை. சித்தப்பாவுக்குப் பயந்து சொல்லவில்லை, எனக்குப் பயந்தும் சொல்லவில்லை போலிருக்கிறது. பென்சிலை அவளிடம் கொடுத்துவிட்டு நான் வாசலில் போய் உட்கார்ந்தேன். உதவி செய்கிறேன் என்று போகிற அண்ணன் அக்காக்கள் இதைக் கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள். பதினேழு வயசுப் பிள்ளைக்கு எந்த வாசலில் என்ன சான்றிதழ் என்பது தெரியாமல் இருக்கலாம். என்ன பிடிக்கும் என்பது தெரியும்.

சான்றிதழ் என்றதும் நினைவு வருகிறது. ஜோசாவுக்கு இதர பிற்பட்டோர் சான்று மத்திய அரசுப் படிவத்தில் வேண்டும், அந்த வருஷம் ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். சென்டாக்குக்குக் கொடுக்கிற சாதிச் சான்று அங்கே செல்லாது. குடியிருப்புச் சான்று, வருமானச் சான்று எல்லாவற்றையும் கூட்டம் சேருமுன் தாலுகா ஆபீஸில் வாங்கி வைத்துவிடுவது நல்லது.

நமக்கும் இரண்டு வார்த்தை. நாமும் நாளை பட்டியல் போடப் போகிறவர்கள்தான். டிப்ளமாவிலிருந்து பி.டெக். நேரடி இரண்டாமாண்டுக்கு அனுமதித்த இடங்களில் 10 சதவீதம் அளவுக்குத் தனியாக இடம் உண்டு. நமக்கு வாசல் சென்டாக். என்.ஐ.டி.களில் அந்த வழியே கிடையாது. தமிழ்நாட்டு நேரடி இரண்டாமாண்டுக் கலந்தாய்வில் மறுபடி நேட்டிவிட்டிதான். ஒரு வகுப்பில் 60 பேர் என்றால் நமக்கு 6. ஆகவே நம் பட்டியலில் கல்லூரிகள் அதிகமாகவும் கோபம் குறைவாகவும் இருக்கட்டும்.

இந்த மலர் அச்சுக்குப் போகிற சமயத்தில் தங்கைக்கு ஜே.இ.இ. ஏப்ரல் தேர்வு பாக்கி, க்யூட் பாக்கி. எது கிடைக்கும் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. பட்டியல் பதினாலு வரி. ஜோசாவுக்கு, சென்டாக்குக்கு, க்யூட்டுக்கு என்று தனித்தனியாக நிரப்பப் போவதுதான், ஆனால் மனசுக்கு ஒரே பட்டியல். முதல் வரி திருவாரூர், கணிதம். அடுத்தது திருவேட்டக்குடி. நடுவில் புதுச்சேரியும் நெடுங்காடும். கடைசி இரண்டு வரியும் பி.எஸ்ஸி. கணிதம்: ஒன்று காரைக்கால் ஔவையார் அரசு மகளிர் கல்லூரி, மற்றது பொறையாறு த.பே.மா.லு. கல்லூரி. 'ஏதாவது ஆர்ட்ஸ் காலேஜ்' என்று முதல் தாளில் இருந்ததற்கு இப்போது பெயர், படிப்பு, செலவு எல்லாம் இருக்கிறது. எல்லாம் சொதப்பினாலும் அவள் சந்தோஷமாகப் போகக்கூடிய வரிகள் அவை.

பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தோம். சித்தப்பா மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். சித்தி படித்தது கடைசி வரியிலிருந்து.

"பொறையாத்துக்குக் காலையில முத பஸ் எத்தனை மணிக்கு தம்பி?" என்று கேட்டார்.